சிறு தகடும் நமது கைத்திறனும்

ஒரு பழைய மாணவன்

கல்லூரி விழா மலர்களிலே தாபகர்களின் தொண்டும், அதிபர்களின் ஆட்சித் திறனும், விளையாட்டு வீரர்களின் வெற்றியும், சமய வாழ்வின் சிறப்பும் எழுதப்படுவதே மரபு. அம்மரபு போற்றத்தக்கது. எனினும், ஒரு கல்லூரியின் விழாக்காலம் சென்றதை எண்ணி மகிழ்வதற்கு மட்டுமன்றி, இனிச் செய்யவேண்டுவதை எண்ணித் துணிவதற்கும் உரிய காலமாகும். ஆதலால், மரபுக்குச் சற்றுப் புறம்பான ஒரு பொருளைப்பற்றி இங்கே பேச முற்படுகின்றேன். பழைய மோட்டார் வண்டியின் எஞ்சினிலே, புகையை வெளியேற்றும் மனிபோல்டுக்கும் சிலிண்டர்த் தலைக்கும் இடையே வைக்கப்படும் கஸ்கற் என்னும் சிறு தகடே அப்பொருள்.

இத்தனை பெரிய விழாவிலே இத்தனை சிறிய தகட்டுக்கு என்ன இடம் என்று சிலர் வினவுவர். இடம் உண்டு என்பதே என் கருத்து. கடையிலே கிடையாத ஒரு கஸ்கற்றை அளந்து, வரைந்து, வெட்டி, பொருத்தும் அறிவு யாழ்ப்பாணத்துக் கராச்சுகளிலே இரண்டு மூன்று தலைமுறையாக வளர்ந்தது. அவ்வறிவு எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை. அது முதியோர் சிலரின் கையிலும் கண்ணிலும் மட்டுமே வாழ்கின்றது. அவர்களோடு அதுவும் மறைந்துபோகும் நிலை இன்று வந்துள்ளது. அதனை மறையவிடாது பதிந்து வைப்பது நமது கல்லூரி போன்ற கல்வி நிலையங்களின் கடன் என்று சொல்லவே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

முதலில், கஸ்கற் என்பது யாதென மாணவர் பொருட்டுச் சிறிது விளக்குவோம். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பியினுள்ளே தோல் வாசர் ஒன்று இருப்பதை யாவரும் அறிவர். அது காய்ந்து சுருங்கினால் எவ்வளவு அழுத்தினும் காற்றுப் பின்னாலே போய்விடும். இரண்டு உலோகப் பாகங்கள் சந்திக்கும் இடத்தில், அவை எவ்வளவு நேர்த்தியாகச் சீவப்பட்டிருப்பினும், கண்ணுக்குப் புலப்படாத மேடு பள்ளங்கள் இருக்கும். அம்மேடு பள்ளங்களை நிரப்பி, உள்ளே உள்ளது வெளியே போகாமலும் வெளியே உள்ளது உள்ளே வாராமலும் தடுக்கும் மென்பொருளே கஸ்கற். எஞ்சினின் பல பாகங்களிலும் இது உண்டு. எண்ணெய்ச் சட்டிக்குத் தக்கை போதும். தண்ணீர்ப் பம்பிக்குத் தடித்த தாள் போதும். ஆயின் புகை மனிபோல்டின் கஸ்கற் மட்டும் இவற்றினும் வேறானது. ஏனெனில் அது நெருப்பின் வாயிலிலே நிற்பது.

எரிந்த வாயு சிலிண்டரை விட்டு வெளியேறும்போது, வண்டி பாரம் இழுக்கும் வேளையில், 600 முதல் 800 பாகை செல்சியசு வரை சூடாயிருக்கும். சிலிண்டர்த் தலையோ தண்ணீராற் குளிர்விக்கப்படுவது. அதன் சூடு தண்ணீரின் கொதிநிலையை அண்டியே நிற்கும். மனிபோல்டுக்கு அத்தகைய குளிர்ச்சி இல்லை. வார்ப்பிரும்பு ஓரடி நீளம் உடையதாயின், 500 பாகை சூடேறும்போது அது ஒன்றரை மில்லிமீற்றருக்கு மேல் நீளும். ஒரு பக்கம் நீண்டும் மறுபக்கம் அவ்வளவு நீளாமலும் இருப்பதால், இரண்டுக்கும் இடையிலுள்ள கஸ்கற் ஒவ்வொரு பயணத்திலும் தேய்க்கப்படுகின்றது. வண்டி நின்றதும் மனிபோல்ட் மீண்டும் சுருங்குகின்றது. சூட்டையும் தாங்க வேண்டும். இந்த உராய்வையும் தாங்க வேண்டும். வாயுவின் அழுத்தத் துடிப்பையும் தாங்க வேண்டும். மூன்றையும் தாங்கும் பொருள் எளிதிற் கிடைப்பதன்று.

நம்மவர் நன்கறிந்த மொறிஸ் மைனரை எடுத்துக்கொள்வோம். 1952 முதல் அதில் வைக்கப்பட்ட ஏ வரிசை எஞ்சினிலே, காற்றும் பெற்றோலும் கலந்து உட்செல்லும் வழிகள் இரண்டு. புகை வெளியேறும் வழிகள் மூன்று. ஐந்தும் எஞ்சினின் ஒரே பக்கத்தில் வரிசையாக உள்ளன. ஐந்துக்கும் ஒரே கஸ்கற். ஆகவே அத்தகடு ஓரிடத்திற் பழுதுபட்டால் தீங்கு இருவகைப்படும். புகைவழியிற் பழுதாயின் வாயு வெளியே பீறிடும். உள்வழியிற் பழுதாயின் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, கலவை மெலிந்து, எஞ்சின் நின்ற இடத்தில் நடுங்கத் தொடங்கும். காபுரேற்றரைத் திரும்பத் திரும்பத் திருகியும் ஓட்டம் சீர்ப்படாத வண்டிகள் பலவற்றின் குறை, காபுரேற்றரில் அன்றி அதன் கீழுள்ள இந்தத் தகட்டிலே இருப்பதுண்டு.

பழுதை அறியும் வழி கடினமன்று. காலையில் எஞ்சினை முதன்முதற் கிளப்பும்போது 'டிக், டிக்' என்ற ஒலி எழுந்து, சூடேறியபின் குறைந்துவிடுமாயின், மனிபோல்ட் விரிந்து இடைவெளியைத் தானே மூடிக்கொள்கின்றது என்று பொருள். ஒரு முழ நீள இறப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கஸ்கற்றின் ஓரமாகவும் வைத்துக் கேட்டால், எந்த வாயிலில் ஒழுக்கு என்பதைத் துணியலாம். ஒழுகும் இடத்தில் கரிக்கோடு படிந்திருக்கும். மருத்துவர் மார்பிலே குழாய் வைத்துக் கேட்பதற்கும் இதற்கும் அதிக வேறுபாடு இல்லை.

இதனைச் சிறு குறை என்று விட்டுவிடுதல் தகாது. எரிந்த வாயுவிலே காபன் மொனொட்சைட்டு என்னும் நச்சு வாயு உண்டு. அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினோடு அது சேரும் நாட்டம் ஒட்சிசனிலும் இருநூறு மடங்குக்கு மேற்பட்டது. பழைய வண்டிகளில் எஞ்சின் அறைக்கும் பயணிகள் இருக்கைக்கும் இடையிலுள்ள தகட்டிலே துருப்பிடித்த துளைகள் இருத்தல் இயல்பு. மழைக்காகக் கண்ணாடிகளை ஏற்றி மூடிக்கொண்டு, பிள்ளைகளையும் முதியோரையும் ஏற்றிச் செல்லும் வண்டியிலே, அத்துளைகளின் வழியாக எது உள்ளே வருகின்றது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அன்றியும், ஏ வரிசை எஞ்சினிலே காபுரேற்றர் புகை மனிபோல்டின் மேலேயே அமர்ந்திருக்கின்றது. பீறிடும் தீவாயுவும் பெற்றோலும் அத்துணை அண்மையில் இருத்தல் அஞ்சத்தக்கது. சிறு தகடு என்று நாம் இகழ்வது உயிரைக் காக்கும் தகடாகும்.

இனி, இக்கலை நம்மிடையே எவ்வாறு வளர்ந்தது என்பதை நோக்குவோம். 1950களிலும் 1960களிலும் நமது வீதிகளிலே ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், ஹில்மன் முதலிய ஆங்கிலேய வண்டிகளே மிகுதியாக ஓடின. ஆசிரியரும், எழுதுவினைஞரும், வைத்தியரும் அவற்றை வாங்கினர். வாடகை வண்டிகளாகவும் அவையே நின்றன. 1960களின் தொடக்கத்திலே அந்நியச் செலாவணி அருகியதால் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1970 முதல் 1977 வரை அக்கட்டுப்பாடு மேலும் இறுகியது. பழைய வண்டியைக் கழித்துப் புதியது வாங்கும் வழி அடைபட்டமையால், உள்ள வண்டியையே ஓடச்செய்யும் வழியைக் கராச்சுகள் கண்டன. 1977இன் பின் நாட்டின் ஏனைய பகுதிகளிலே யப்பானிய வண்டிகள் பெருகின. நமது பகுதியிலோ விரைவிற் போர் வந்து சூழ்ந்தது.

1990இல் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைசெய்யப்பட்ட பின்னர் நிகழ்ந்ததை நேரிற் கண்டோர் மறவார். காபுரேற்றரிலே சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினைக் கிளப்பி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினர். நாற்பது ஆண்டு கண்ட ஏ-40களும் மைனர்களும் நோயாளரையும், கருவுற்ற தாய்மாரையும், இடம்பெயர்ந்த குடும்பங்களையும் சுமந்தன. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை. ஆவியாகாதது முற்றாக எரிவதுமில்லை. கரி படிந்தது, சிலிண்டரின் எண்ணெய் நீர்த்தது, வால்வுகளும் கஸ்கற்றுகளும் விரைவிற் கெட்டன. புதிய கஸ்கற் எங்கிருந்து வரும்? வரவில்லை. கராச்சுகளிலே வெட்டப்பட்டது. அக்காலத்திலே அவ்வண்டிகளை ஓடச்செய்தோருக்குப் பட்டமும் இல்லை, பொன்னாடையும் இல்லை. அவர்களுள் நமது கல்லூரியின் வாயிலைக் கடந்து வந்தோரும் இருக்கக்கூடும். வகுப்பிலே பின்வாங்கிலில் அமர்ந்தவர்கள் என்று நாம் மறந்திருப்போம்.

அவர்கள் செய்த முறையைச் சற்று விரித்துக் கூறுதல் நன்று. ஏனெனில் இதிலே பள்ளிக்கூடத்துப் பௌதிகம் முழுவதும் உள்ளது. முதலாவது, மனிபோல்டின் முகம் நேராக உள்ளதா என்று நேர்விளிம்பை வைத்துப் பார்ப்பர். விளிம்புக்கும் முகத்துக்கும் இடையே கால் மில்லிமீற்றர்த் தகடு நுழையுமாயின், முகத்தைச் சீவி நேராக்க வேண்டும். கோணிய முகத்திலே எந்தக் கஸ்கற்றும் நெடுநாள் நில்லாது. பலர் கஸ்கற்றைக் குறைகூறுவர். குறை முகத்தில் இருக்கும். இரண்டாவது, துளைகளுக்குள்ளே துகள் விழாவண்ணம் துணியை அடைத்துவிட்டு, சிலிண்டர்த் தலையின் முகத்திலே மெல்லிய தாளை வைத்து விரலாலே தேய்ப்பர். விரலிலுள்ள கிறீசு துளைகளின் ஓரத்தைத் தாளிலே கோடாகக் காட்டும். அத்தாளே அச்சு.

மூன்றாவது, அச்சைத் தகட்டின்மேல் ஒட்டி, வட்டத் துளைகளைப் பஞ்சினால் முதலில் இடுவர்; அதன்பின்னரே வெளியோரத்தை வெட்டுவர். முறையை மாற்றினால் தகடு கிழியும். புகைவழியின் துளையை மனிபோல்டின் துளையிலும் சுற்றுமுற்றும் ஒரு மில்லிமீற்றர் பெரிதாக வெட்டுதல் வேண்டும். சரியாக அதே அளவில் வெட்டுவோன் திறமையுடையவன் என்று தோன்றும். ஆனால் சிறிது பிசகினாலும் தகட்டின் ஓரம் வாயுவின் பாதையில் நீட்டிக்கொண்டு நின்று சிவந்து எரியும். அங்கிருந்தே முழுத் தகடும் அழியும். ஆணித்துளைகளையும் சற்றுத் தளர்வாக விடுதல் வேண்டும். முன்னே சொன்ன விரிவுக்கு இடம் வேண்டுமன்றோ!

நான்காவது, இறுக்கும் முறை. நடுவிலிருந்து தொடங்கி இருபக்கமும் மாறிமாறி, சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். ஏ வரிசை எஞ்சினுக்கு ஏறக்குறைய 15 இறாத்தல்-அடி போதும். மிகுதியாக இறுக்கினால் கஸ்கற் நசியும். அல்லது மனிபோல்ட் விரிய இடமின்றி வெடிக்கும். பித்தளை நட்டுகளை இடுவது நன்று. இரும்பு நட்டுகள் சூட்டினால் துருவேறி ஆணியோடு ஒன்றாகிவிடும். எஞ்சினை ஓடவிட்டு, முற்றாக ஆறியபின் மீண்டும் ஒருமுறை இறுக்குதல் வேண்டும். இந்த இரண்டாம் இறுக்கத்தை மறந்தமையாலேயே நல்ல கஸ்கற்றுகள் பல சில கிழமைகளிற் கெட்டுப்போகின்றன.

எப்பொருளால் வெட்டுவது என்பது அடுத்த வினா. இங்கே நமது முன்னோர் அறியாதிருந்த ஒரு தீமையை நாம் அறிந்திருக்கின்றோம். அக்காலத்திலே அஸ்பெஸ்டஸ் தாளே இதற்கு உகந்த பொருள் என்று உலகெங்கும் கொள்ளப்பட்டது. வெட்டும்போதும், பழைய கஸ்கற்றைக் கம்பித் தூரிகையாற் சுரண்டும்போதும், தூளை வாயால் ஊதும்போதும் அதன் நுண்ணிய நார்கள் நுரையீரலிற் சென்று தங்குகின்றன. இருபது, நாற்பது ஆண்டுகள் கழிந்தபின் அவை புற்றுநோயாக வெளிப்படலாம். பிரித்தானியா 1999இல் எல்லா வகை அஸ்பெஸ்டசையும் தடைசெய்தது. இலங்கை 1987இல் நீல அஸ்பெஸ்டசைத் தடைசெய்தது. வெள்ளை வகை கூரைத் தகடுகளில் இன்றும் உள்ளது. ஆகவே, பழைய வண்டியின் கஸ்கற்றைக் கழற்றும்போது அதனை அஸ்பெஸ்டஸ் என்றே கொள்ளுதல் வேண்டும். தண்ணீரால் நன்றாக நனைத்து, மழுங்கிய தகட்டால் மெல்ல எடுத்து, பையிலே கட்டி அகற்றுக. உலர்ந்த நிலையில் சுரண்டவேண்டாம், காற்றால் ஊதவேண்டாம். கராச்சிலே வேலை பழகும் சிறுவர்க்கு இதனைச் சொல்லிக்கொடுப்பார் இல்லாமை பெருங்குறை. பழைய கடைகளில் எஞ்சியிருக்கும் தாள்களை 'இதுவே அசல் சாமான்' என்று பெருமையோடு வாங்குவோரும் உளர். அந்தப் பெருமை வேண்டாம்.

இன்று அதனினும் நல்ல பொருள்கள் உண்டு. நடுவிலே துளையிட்ட மெல்லிய உருக்குத் தகடும், இருபுறமும் காரீயத்தின், அதாவது பென்சிற் கரியின், தாளும் சேர்ந்த கிராபைற்றுத் தகடு கத்தரியாலும் வெட்டத்தக்கது. முகத்திலுள்ள சிறு குறையையும் நிரப்புவது. முகம் மிக நேர்த்தியாக இருப்பின் செம்புத் தகடும் பொருந்தும். செம்பைத் தணற்சிவப்பாகக் காய்ச்சித் தண்ணீரில் அமிழ்த்தினால் அது மென்மையாகும். உருக்கையோ அவ்வாறு செய்தால் அது கடினமாகும். ஒரே செயல், இரு உலோகங்களில் இரு விளைவு! மாணவர்க்கு உலோகவியலின் வாயிலைத் திறக்க இதனினும் நல்ல பாடம் ஏது? செம்பு துடிப்பினால் மீண்டும் இறுகும். மீண்டும் காய்ச்சி மென்மையாக்கி மறுமுறையும் பயன்படுத்தலாம். கன்னாதிட்டிப் பொற்கொல்லர் தட்டுந்தோறும் இறுகும் பொன்னையும் வெள்ளியையும் காய்ச்சிக் காய்ச்சித் தட்டுவது இக்காரணத்தினாலேயே. சிலிக்கோன் பசையைப் பூசி ஒப்பேற்றலாம் என்போர் சொல்லைக் கேளாதீர். அப்பசை ஏறக்குறைய 300 பாகைக்கு மேல் நில்லாது.

இங்கே ஒரு மறுப்பு எழும். "அஞ்சலிலே வரவழைத்தால் ஆயிற்று, வெட்டுவானேன்?" என்பர். இம்மறுப்பில் உண்மை உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. ஏ வரிசை எஞ்சின் 1951 முதல் 2000ஆம் ஆண்டு வரை செய்யப்பட்டது. அதன் கஸ்கற்றுகள் பிரித்தானியாவிலே இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன; விலையும் அதிகமன்று. கேம்பிறிட்ஜ் வைத்திருப்போருக்கு இன்னொரு வழியும் உண்டு. அதன் பீ வரிசை எஞ்சினின் இனத்தைச் சேர்ந்த எஞ்சினே இந்தியாவின் அம்பாசடர் வண்டியிலும் நெடுங்காலம் இருந்தது. அவ்வண்டி 2014 வரை செய்யப்பட்டமையால், அதற்குரிய பாகங்களைத் தமிழ்நாட்டிலே தேடலாம். துளைகளை ஒப்பிட்டுப் பார்த்தே வாங்குதல் வேண்டும். வாங்கக் கிடைப்பதை வாங்குவதிலே இழிவு இல்லை. நல்ல கஸ்கற் கடையில் இருக்க, அரைகுறையாக ஒன்றை வெட்டிப் பொருத்துவது திறமையன்று, பிடிவாதம்.

ஆயின் எல்லா எஞ்சினும் அத்தகையன அல்ல. சில ஆயிரமே செய்யப்பட்ட வண்டிகளும், செய்தவர் பெயரே மறைந்துபோன நீர் இறைக்கும் இயந்திரங்களும், பழைய அரிசி ஆலை எஞ்சின்களும், மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின்களும் நம்மிடையே உள்ளன. அவற்றின் கஸ்கற்றை உலகில் எவரும் இன்று செய்வதில்லை. அதுமட்டுமன்று, கடை எப்போதும் திறந்திருக்கும் என்று எண்ணுவோர் அண்மைக் காலத்தை மறந்தோராவர். 2020 மார்ச்சிலே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025இலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. 2022இலே பெற்றோலுக்காக நாட் கணக்கில் வரிசையில் நின்றோம். அறுபதுகளில் ஒருமுறை, எழுபதுகளில் ஒருமுறை, தொண்ணூறுகளில் ஒருமுறை, இப்போது ஒருமுறை என, நமது நாட்டிலே கதவு மூடப்படுவது புதுமையன்று. கதவு மூடப்பட்ட நாளில் தேடத் தொடங்குவோனுக்கு அறிவு கிடையாது. திறந்திருக்கும் நாளிலே சேர்த்து வைத்தவனுக்கே அது துணையாகும்.

"மின்வண்டிகள் வரும் காலத்திலே இப்பழைய புகைவண்டியைக் கட்டியழுவதேன்?" என்பது இரண்டாம் மறுப்பு. நான் வண்டியைக் காக்கச் சொல்லவில்லை. வண்டி ஒருநாள் துருவாய்ப் போகும். ஒரு பாகம் எதற்காக உள்ளது, எவ்வாறு கெடுகின்றது, எப்பொருளால் அதனைச் செய்யலாம் என்று ஆராயும் மனப்பழக்கத்தைக் காக்கச் சொல்கின்றேன். மின்வண்டியிலும் மின்கலத்தினுள் தண்ணீர் புகாது தடுக்க ஒரு மென்பொருட் சட்டம் வேண்டும். சூட்டுக்கும், அழுத்தத்துக்கும், நீருக்கும் இடையே நின்று காக்கும் தகடு எவ்வியந்திரத்திலும் இல்லாமற் போகாது. ஒன்றை ஆழக் கற்றவன் மற்றதையும் கற்பான்.

உண்மையில், அறிவு அழிவதற்குக் காரணம் காலமாற்றம் மட்டுமன்று; நமது மனப்பான்மையுமாகும். 'கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்' என்ற பழமொழியைச் சொல்லி நகைக்கும் நாம், அதன்படியே பிள்ளைகளை வளர்த்தோம். சோதனையிலே சித்தியெய்தியவனுக்குப் பரிசு. எஞ்சினைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவனுக்கு 'படிப்பு ஏறாதவன்' என்ற பட்டம். அளவையும், பொருளின் இயல்பையும், சூட்டின் செயலையும் ஒருங்கே எண்ணி முடிவுசெய்யும் அவனது அறிவு, சூத்திரத்தை மனனஞ்செய்து ஒப்பிக்கும் அறிவிலும் எவ்வாற்றானும் தாழ்ந்ததன்று. கைத்தொழிலாளரிடத்திலும் ஒரு குறை உண்டு என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். கற்றதை எழுதிவைக்கும் வழக்கம் அவர்களிடத்தில் இல்லை. சிலர் தொழிலிரகசியம் என்று மறைத்தும் வைத்தனர். எழுதத் தெரிந்தவன் செய்யவில்லை. செய்யத் தெரிந்தவன் எழுதவில்லை. இரண்டுக்கும் இடையிலே அறிவு ஒழுகிப்போயிற்று.

அந்த இடைவெளியை மூட நமது கல்லூரியால் முடியும். இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. 2013 முதல் உயர்தர வகுப்பிலே தொழினுட்பத் துறை நாட்டில் உள்ளது. அத்துறை மாணவருக்கு உயிருள்ள பாடங்கள் தேவை. மாணவர் இருவர் மூவராகச் சேர்ந்து, நமது பகுதியிலுள்ள பழைய கராச்சுகளுக்குச் செல்லட்டும். அங்கே சுவரிலே ஆணியில் கோத்துத் தொங்கும் அட்டை அச்சுகளைக் கேட்டு வாங்கி, அளவுகோலை அருகில் வைத்துப் படியெடுக்கட்டும். ஒவ்வொரு படத்திலும் எஞ்சினின் பெயர், துளைகளின் விட்டம், ஆணித்துளைகளின் இடைத்தூரம், தகட்டின் தடிப்பு, இறுக்கும் அளவு, அச்சைத் தந்தவரின் பெயர் ஆகியவற்றை எழுதட்டும். கையால் வரைந்த ஏடு ஒன்று கல்லூரி நூலகத்திலும், அதன் கணினிப் படி ஒன்று யாவரும் பெறக்கூடிய முறையிலும் இருக்கட்டும். கணினிப் படம் இருந்தால், இன்று ஒளிக்கதிராலே தகடு வெட்டும் பட்டறை எதுவும் ஒரு மணி நேரத்தில் அதனை வெட்டித் தரும்.

இவ்வேட்டிலே அச்சு மட்டுமன்றி எச்சரிக்கையும் இடம்பெறுதல் வேண்டும். அஸ்பெஸ்டசைப்பற்றி முதற்பக்கத்திலேயே எழுதப்படுக. கற்கப் போகும் மாணவர், கற்பிக்கும் முதியவருக்கு அதனை மரியாதையோடு எடுத்துச் சொல்லட்டும். வெட்டும் முறையை முதியவர் தருவார். காக்கும் முறையை மாணவர் தருவார். கொடுத்தும் கொண்டும் வளர்வதே கல்வி.

வெளிநாடுகளில் வாழும் பழைய மாணவரிடமும் ஒரு வேண்டுகோள். கல்லூரிக்கு நீங்கள் கட்டடங்களையும் கணினிகளையும் வழங்கி வந்துள்ளீர்கள். அவை நன்றியோடு நினைக்கத்தக்கவை. இலண்டனிலும் தொரன்ரோவிலும் மெல்பேணிலும் இருக்கும் உங்களுக்குப் பழைய எஞ்சின்களின் கைந்நூல்களும், நல்ல கிராபைற்றுத் தகடுகளும், துல்லியமான அளவுகருவிகளும் எளிதிற் கிடைக்கும். ஒரு பஞ்சுத் தொகுதியும், ஒரு நேர்விளிம்பும், ஒரு தடிப்புமானியும் போதும், ஒரு வகுப்பைத் தொடங்கிவிடலாம். மண்டபத்திலே பெயர் பொறித்த கல்லைப்போல அவை கண்ணிற் படமாட்டா. ஆயினும் அவற்றாற் பயின்ற கைகள் உங்கள் பெயரைச் சுமக்கும்.

காலம் குறுகியது. அச்சுகளை வெட்டிய கைகளுக்கு இன்று எழுபதும் எண்பதும் வயதாகின்றன. ஒரு கராச் மூடப்படும் நாளிலே, இரும்பைப் பழைய இரும்புக்காரர் நிறுத்து வாங்கிச் செல்வர்; சுவரிலே தொங்கிய அட்டைகள் குப்பையோடு கொளுத்தப்படும். அவற்றோடு எரிவது அரை நூற்றாண்டின் அறிவு என்பதை அங்கு நிற்போர் அறியார். இவ்விழா ஆண்டு முடிவதற்குள் ஓர் ஏடாவது தொடங்கப்படுமாயின், அதன் முதற்பக்கத்திலே பத்து அச்சுகளாவது வரையப்படுமாயின், இம்மலரில் இக்கட்டுரைக்குத் தரப்பட்ட இடம் வீணாகாது. அதிபரும், ஆசிரியரும், பழைய மாணவர் சங்கத்தாரும் இதனைச் சிந்திப்பாராக.